காயலில் ஓர் இரவுக்கு எத்தனை யூனிட்?

கேரளப் படகு வீடுகளில் டீசல் ஜெனரேட்டருக்கு விடைகொடுக்க ஆசைப்படுவோர் பலர். தடையாக நிற்பது பணம் மட்டுமல்ல, யாரும் உட்கார்ந்து போடாத ஒரு கணக்கும்தான்.

மாலை ஐந்தரை மணி. வேம்பநாட்டுக் காயலில் சூரியன் சரியும் நேரத்தில் படகு வீடுகள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்குகின்றன. இரவில் காயல் மீனவர்களுக்குச் சொந்தம். அவர்களது வலைகள் விரிக்கப்படும் நேரத்தில் சுற்றுலாப் படகுகள் ஓடக்கூடாது என்பது நடைமுறை. தென்னை மரத்தில் கயிற்றைக் கட்டியதும் என்ஜின் நிற்கிறது. நீர்க்காகங்களின் குரலும், பலகையில் மோதும் அலையின் சத்தமும் மட்டுமே மிஞ்சுகின்றன. பயணிகள் காசு கொடுத்து வாங்க வந்தது இந்த அமைதியைத்தான்.

அது ஒன்பது மணி வரைதான் நீடிக்கிறது. சாப்பாடு முடிந்து படுக்கையறையில் ஏ.சி. போட்டதும் படகின் பின்புறத்தில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்குகிறது. பக்கத்துப் படகிலும் அதே கதை. மறுநாள் காலை ஆறு மணி வரை ஓடும் அந்த இயந்திரம் மணிக்கு ஒன்றரை லிட்டர் டீசல் குடிப்பதாக வைத்துக்கொண்டாலும் ஓர் இரவுக்குப் பதின்மூன்றரை லிட்டர். லிட்டர் ரூ. 90 என்றால் ரூ. 1,200க்கு மேல் புகையாகிறது. சிந்தும் எண்ணெய் போய்ச் சேருவது, 2002ல் ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்ட காயலில்.

இதற்கு மாற்று ஒன்றும் புதிதல்ல. பேட்டரி, இன்வெர்ட்டர், முடிந்தால் கூரையில் சோலார் பலகை. மூன்றும் கடையில் கிடைக்கின்றன. இருந்தும் வாங்கியவர்களில் பலர் ஒரே பருவத்தில் கசந்துபோய் மீண்டும் ஜெனரேட்டர் சாவியைத் திருகுகிறார்கள். பெரும்பாலும் பொருளில் பழுது இருப்பதில்லை. அளவுதான் தவறு.

வீடு வேறு, படகு வேறு

தவறு தொடங்குவது வீட்டு அனுபவத்திலிருந்து. மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் வாங்கிய எல்லோருக்கும் கடைக்காரரின் கேள்வி நினைவிருக்கும்: எத்தனை ஃபேன், எத்தனை லைட்? விடையைக் கேட்டு அவர் ஒரு இன்வெர்ட்டரையும் ஒரு பேட்டரியையும் காட்டுவார். வீட்டுக்கு அது போதும். இரண்டு மணி நேரத்தில் மின்சாரம் திரும்பி வந்து பேட்டரியை நிரப்பிவிடும். கணக்கில் பிழை இருந்தாலும் வெளியே தெரியாது.

படகில் மின்சாரம் திரும்பி வராது. கரையை விட்டு நகர்ந்த நிமிடத்திலிருந்து திரும்பிச் சேரும் வரை பேட்டரியில் இருப்பதுதான் இருப்பு. குடத்துத் தண்ணீரைக் கொண்டு நாள் முழுவதும் சமாளிப்பது போன்ற நிலைமை. எனவே கடைக்காரர் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வியே இங்கு முக்கியமாகிறது: எத்தனை மணி நேரம்?

ஒரே சமயத்தில் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பது ஒரு கேள்வி. அது வாட் கணக்கு. இன்வெர்ட்டரின் அளவை அது தீர்மானிக்கிறது. மொத்தத்தில் எவ்வளவு வேண்டும் என்பது வேறு கேள்வி. அது வாட்-மணிக் கணக்கு. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் மின் கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட். பேட்டரியின் அளவை இதுதான் தீர்மானிக்கிறது. குழாயின் பருமனையும் தொட்டியின் கொள்ளளவையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இன்வெர்ட்டர் குழாய், பேட்டரி தொட்டி. இருந்தும் பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் அதிக நேரம் ஓடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம்.

சமையலறை மிக்ஸியும் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியும் இந்த வித்தியாசத்தைப் பளிச்சென்று காட்டும். மிக்ஸி 750 வாட் கேட்கிறது. ஆனால் தேங்காயும் மசாலாவும் அரைக்க நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஓடினால் அதிகம். மொத்தச் செலவு 150 வாட்-மணி. மின்விசிறி கேட்பது வெறும் 75 வாட். பத்து மணி நேரம் சுற்றினால் 750 வாட்-மணி. சத்தம் போடும் மிக்ஸி இன்வெர்ட்டரைப் பெரிதாக்குகிறது. சத்தமில்லாத மின்விசிறி பேட்டரியைக் காலி செய்கிறது.

ஒரு பட்டியல் போதும்

ஏ.சி. இல்லாத ஒரு நடுத்தரப் படகை எடுத்துக்கொள்வோம். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்குகள் பன்னிரண்டு, ஆறு மணி நேரம்: 650 வாட்-மணி. மின்விசிறி மூன்று, பத்து மணி நேரம்: 2,250. சிறிய ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்: 1,000. தண்ணீர் ஏற்றும் மோட்டார் 500 வாட், ஒரு மணி நேரம்: 500. மிக்ஸி 150. டி.வி. 60 வாட், நான்கு மணி நேரம்: 240. செல்போன்கள், இரவு முழுவதும் எரிய வேண்டிய நங்கூர விளக்கு, இன்ன பிற: 210. கூட்டினால் 5,000 வாட்-மணி. அதாவது ஐந்து யூனிட்.

இப்போது மூன்று மின்விசிறிகளையும் கழற்றிவிட்டு 30 வாட்டில் சுற்றும் பி.எல்.டி.சி. வகை விசிறிகளை மாட்டினால் 2,250 என்பது 900 ஆகச் சுருங்குகிறது. மொத்தம் 3,650. ஒரு பேட்டரிகூட வாங்காமலேயே தேவையில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது.

பட்டியலோடு கணக்கு முடிவதில்லை. பேட்டரியில் இருப்பது நேர் மின்னோட்டம். மின்விசிறிக்கும் ஃபிரிட்ஜுக்கும் வேண்டியது மாறுதிசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இன்வெர்ட்டர் தன் தரகைப் பிடித்துக்கொள்கிறது. கம்பியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 15 சதவிகிதம் கூட்டிக்கொள்வது நல்லது. 3,650 என்பது 4,200 ஆகிறது. பழைய விசிறிகளே இருந்தால் 5,750.

லேபிளை நம்பலாமா?

அடுத்து பேட்டரி. 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் என்று லேபிள் சொல்கிறது. பெருக்கினால் 2,400 வாட்-மணி. ஆனால் ஈய-அமில பேட்டரியில் இருப்பது முழுவதையும் உறிஞ்சுவது அதன் ஆயுளை உறிஞ்சுவதற்குச் சமம். பாதிக்கு மேல் தினமும் காலி செய்தால் சில நூறு இரவுகளிலேயே தகடுகள் களைத்துவிடும். காலியான நிலையில் நாள்கணக்கில் விட்டால் தகட்டின் மேல் கந்தகப் படிவு இறுகி, பின்பு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. எனவே லேபிளில் உள்ளதில் பாதி மட்டுமே படகுக்காரருடையது.

லேபிளில் இன்னொரு நுணுக்கமும் ஒளிந்திருக்கிறது. அந்த 200 என்பது பத்து மணி நேரத்திலோ இருபது மணி நேரத்திலோ நிதானமாகக் காலி செய்தால் கிடைக்கும் அளவு. பத்து மணி நேரக் கணக்குப்படி மணிக்கு 20 ஆம்பியர் வீதம் எடுத்தால் பத்து மணி நேரம் வரும். 100 ஆம்பியர் வீதம் எடுத்தால் இரண்டு மணி நேரம் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. அவசரப்பட்டுக் கறந்தால் ஈய-அமில பேட்டரி குறைவாகவே கொடுக்கும்.

ஆக 4,200 வாட்-மணி தேவைக்கு 8,400 வாட்-மணி பேட்டரி வேண்டும். 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நான்கைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட், 9,600 வாட்-மணி. சற்றே மிச்சத்துடன் கணக்கு சரியாகிறது. பழைய மின்விசிறிகளை மாற்றாமல் விட்டிருந்தால் 11,500 தேவைப்பட்டிருக்கும். நான்கு பேட்டரி போதாது. இன்னொரு வரிசை நான்கு சேர்த்தாக வேண்டும். மூன்று மின்விசிறிகளின் விலை நான்கு பேட்டரிகளின் விலையை மிச்சப்படுத்துகிறது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. அதில் 80 சதவிகிதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். 48 வோல்ட் வகையில் 100 ஆம்பியர்-ஹவர் பெட்டி ஒன்று ஏறக்குறைய 5,100 வாட்-மணி தாங்கும். இந்தச் சிறிய படகின் சாதாரண நாளுக்கு அது ஈடுகொடுக்கும். எடை சுமார் 50 கிலோ. அதே வேலைக்கு ஈய-அமில பேட்டரிகள் நான்கு, தலைக்கு 60 கிலோவுக்கு மேல். விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கான முறை நிரப்பிக் காலி செய்யலாம் என்பதால், ஓர் இரவுக்கு என்ன செலவு என்று பார்க்கிறவருக்கு அது அவ்வளவு மிரட்டலாகத் தெரியாது.

இன்வெர்ட்டரின் மூன்று விநாடி

இன்வெர்ட்டர் விஷயத்தில் சோதனை வருவது மூன்று விநாடிக்குள். மோட்டார், ஃபிரிட்ஜ் கம்ப்ரெசர் போன்றவை கிளம்பும் கணத்தில் வழக்கமானதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கின்றன. ஐந்நூறு வாட் மோட்டார் அந்த ஒரு கணம் இரண்டாயிரம் வாட்டுக்கு மேல் கேட்கலாம். அந்த நேரம் பார்த்து சமையல்காரர் மிக்ஸியையும் போட்டால் இன்வெர்ட்டர் விழுந்துவிடும். படகு இருட்டில் மூழ்கும்.

மேலே சொன்ன படகில் எல்லாம் ஒன்றாக ஓடினால் 1,700 வாட்டைத் தொடும். இன்வெர்ட்டர் பெட்டியில் எழுதியிருப்பதோ வாட் அல்ல, வி.ஏ. இரண்டு கே.வி.ஏ. என்றால் பல மாடல்களில் 1,600 வாட்தான். எனவே 3 கே.வி.ஏ., கணநேரத்துக்கு இரட்டிப்புச் சுமையைத் தாங்குவது, சைன் வேவ் வகை. மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் மோட்டார்கள் முனகும், சூடேறும், சீக்கிரம் கருகும். அதற்காகப் பத்து கே.வி.ஏ. வாங்கி வைப்பதும் புத்திசாலித்தனமல்ல. சுமையே இல்லாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் மின்சாரம் தின்றுகொண்டிருக்கும். பெரிதாக ஆக அந்தத் தீனியும் பெரிதாகும்.

வோல்ட் தேர்விலும் கவனம் தேவை. 3,000 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் கம்பியில் ஓடுவது 250 ஆம்பியர். 48 வோல்ட்டில் 63 ஆம்பியருக்கும் குறைவு. கம்பியின் பருமன், இணைப்புகளின் சூடு எல்லாம் இந்த ஆம்பியரைப் பொறுத்தவை. பனையோலையும் மூங்கிலும் கயிறும் கொண்டு கட்டிய ஒரு கலத்தில் சூடான இணைப்பு என்பது சின்ன விஷயமல்ல.

ஏ.சி. என்னும் எஜமான்

இதுவரை எல்லாம் சுகம். ஏ.சி. வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. இரண்டு படுக்கையறை, அறைக்கு ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று, சராசரியாக மணிக்கு ஒரு யூனிட், ஒன்பது மணி நேரம். பதினெட்டு யூனிட். இழப்பைச் சேர்த்தால் 20.7. ஈய-அமில பேட்டரியில் இதற்கு 41 யூனிட் கொள்ளளவு வேண்டும். மேலே சொன்ன பேட்டரிகளில் பதினேழுக்கு மேல் தேவை. நான்கு நான்காக இணைப்பதால் இருபது. ஒரு டன்னுக்கு அதிகமான எடை. அரிசி மூட்டை சுமக்கவென்று கட்டப்பட்ட கெட்டுவள்ளத்தின் வழித்தோன்றலுக்கு எடை புதிதல்ல. ஆனால் அன்று அந்த அரிசி கூலி கொடுத்தது. லித்தியத்தில் 26 யூனிட்.

இந்த 26 எவ்வளவு பெரியது என்பதை உணர, ஆலப்புழையிலிருந்து வடக்கே வைக்கம் வரை போக வேண்டும். 1924 சத்தியாகிரகத்தாலும் பெரியாராலும் தமிழர்களுக்கு அறிமுகமான அதே வைக்கம்தான். அங்கிருந்து காயலைக் கடந்து தவணக்கடவுக்கு ஓடும் ‘ஆதித்யா’ படகு, 2017 ஜனவரியில் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை தொடங்கிய சூரிய சக்திப் பயணிப் படகு. கொச்சியில் உள்ள நவால்ட் நிறுவனம் கட்டியது. 75 பேரை ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் அந்தப் படகில் உள்ள லித்தியம் பேட்டரியின் அளவு 50 யூனிட். நான்கு பேர் குளிர்ச்சியாகத் தூங்க அதில் பாதிக்கு மேல் வேண்டும்.

ஆதித்யா சொல்லும் பாடம் அதன் பேட்டரியில் இல்லை, அடிப்பாகத்தில் இருக்கிறது. கண்ணாடியிழையாலான எடை குறைந்த இரட்டை உடல், நிதானமான வேகம், குறுகிய தூரம். கூரை முழுவதும் 20 கிலோவாட் சோலார் பலகை. ஓடும்போதே சார்ஜ் ஏறுகிறது. தேவை சிறிதாக இருந்ததால் பேட்டரியும் சிறிதாக இருக்க முடிந்தது.

படகு வீட்டிலும் இதே வழிதான். ஒன்றரை டன்னுக்குப் பதில் அறையின் அளவுக்கேற்ற ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி., கூரைக்கடியில் வெப்பத் தடுப்புப் பலகை, இடுக்கில்லாத கதவு ஜன்னல். மணிக்கு 0.6 யூனிட்டில் சமாளிக்க முடிந்தால் இரண்டு அறைக்கும் சேர்த்து பதினோரு யூனிட்டுக்குள் அடங்கும். லித்தியம் பேட்டரி 26க்குப் பதில் 16 யூனிட் போதும். தச்சரின் கூலி பேட்டரி விலையைவிடக் குறைவு.

மூன்று மணி நேரம்தான்

எல்லோரும் மறக்கும் எண் ஒன்று உண்டு: படகு கரையில் நிற்கும் நேரம். காலை ஒன்பது மணிக்குப் பயணிகள் இறங்குகிறார்கள். பகல் பன்னிரண்டுக்கு அடுத்தவர்கள் ஏறுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் ஒரு நாள்கூட இடைவெளி கிடையாது. அந்த மூன்று மணி நேரத்தில் 20 யூனிட்டுக்கு மேல் நிரப்ப வேண்டுமானால் ஏழு கிலோவாட்டுக்கு மேல் சார்ஜர் வேண்டும். கரையில் அதைத் தாங்கும் மின் இணைப்பும் வேண்டும். ஈய-அமில பேட்டரி இந்த வேகத்துக்கு ஒத்துழைக்காது. கடைசி 20 சதவிகிதத்தை அது மெதுவாகத்தான் விழுங்கும். முழுதாக நிரம்ப எட்டு முதல் பத்து மணி நேரமாகும். தினமும் அரைவயிற்றோடு புறப்படும் பேட்டரி ஒரு பருவத்தில் செத்துப்போவதில் ஆச்சரியமில்லை. கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுகளில் வேகமாகச் சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் டைட்டனேட் பேட்டரிகளைப் பொருத்தியதும், படகுத்துறைகளில் சார்ஜர்களை அமைத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

சூரியன் உதவுமா? கேரளத்தில் ஒரு கிலோவாட் பலகை நல்ல நாளில் சுமார் நான்கு யூனிட் தரும். ஏ.சி. இல்லாத படகுக்கு ஒன்றேகால் கிலோவாட் போட்டால் பெரும்பாலான நாட்கள் கரை மின்சாரமே வேண்டாம். பழைய ஏ.சி.க்களோடு ஓடும் படகுக்கு ஐந்து கிலோவாட்டுக்கு மேல் தேவை. சுமார் 26 சதுர மீட்டர். வளைந்த ஓலைக் கூரையின் அழகைப் பார்த்துத்தான் பயணி வருகிறார். அதைக் கண்ணாடியால் மூட எந்த உரிமையாளருக்கும் மனம் வராது. ஜூனில் மழை இறங்கிவிட்டால் கிடைப்பது பாதியோ அதற்கும் குறைவோ. மழைக்காலத்தை வைத்துக் கணக்குப் போடாமல் மார்ச் மாதத்தை வைத்துப் போட்டவர்கள் ஜூலையில் வருந்துகிறார்கள்.

ஏ.சி. படகுகளுக்கு நடைமுறையில் மிஞ்சுவது கலப்பு வழி. கரை மின்சாரம் உள்ள இடத்தில் இரவு நிற்பது ஒன்று. முடியாதபோது, பகலில் என்ஜின் எப்படியும் சத்தமிடும் நேரத்திலேயே ஜெனரேட்டரை முழுச் சுமையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டி பேட்டரியை நிரப்பிக்கொள்வது மற்றொன்று. நல்ல சுமையில் ஓடும் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட் வரை தரும். ராத்திரி முழுக்க அரைச் சுமையில் முனகும்போது அதே லிட்டருக்குக் குறைவாகவே கிடைக்கும். டீசல் முழுதாக ஒழியாது. ஆனால் இரவு அமைதியாகும்.

நீரும் நெருப்பும்

சிக்கனம் கூடாத இடமும் உண்டு. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறுகிறது. காற்றில் நான்கு சதவிகிதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். காற்றோட்டமில்லாத படுக்கைக்கடியில் அதை வைப்பது வெடிமருந்தின் மேல் உறங்குவது போன்றது. பேட்டரிக்கு அருகிலேயே, முதல் கம்பியிலேயே ஃபியூஸ் வேண்டும். லித்தியம் பெட்டிக்கு ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் பி.எம்.எஸ். இல்லாமல் முடியாது. எடை தாழ்வாகவும் நடுவிலும் இருக்க வேண்டும். ஆனால் அடியில் தேங்கும் நீருக்கு எட்டாமல். தண்ணீர்முக்கம் தடுப்பணை திறந்திருக்கும் மாதங்களில் காயலில் உப்பு ஏறும். உப்புக்காற்று பட்ட செம்புக் கம்பி பச்சையாகும், இணைப்பு தளரும், தளர்ந்த இணைப்பு சூடேறும்.

ஜெனரேட்டர் இவற்றைவிடப் பாதுகாப்பானது என்று எண்ணிவிடவும் கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய அறைக்குள் அது நுழைந்தால் தூங்குகிறவர் விழிப்பதில்லை.

கணக்கு போட ஒரு நோட்டும் பென்சிலும் போதும். இருப்பதை எழுதுவது, மணியால் பெருக்குவது, முதலில் தேவையைக் குறைப்பது, பிறகு இழப்பைக் கூட்டுவது, பேட்டரி வகைக்கேற்ப வகுப்பது, கடைசியாக நிரப்ப எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பார்ப்பது. அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர் கடைக்காரரின் கணக்கையே வாங்கி வருகிறார்.

செய்தவரின் படகில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் அலையின் சத்தம் கேட்கும். அதைக் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறார்கள்.